இருமொழிச் சிறுவரும் சிறு நூலகமும்

மெல்வில் டூயி என்னும் அமெரிக்க அறிஞர் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை உலகெங்கும் பொது நூலகங்களிற் கையாளப்படுவது. நம் நாட்டு நூலகங்களும் அதனைத் தழுவியே நூல்களை அடுக்கி வருகின்றன. அம்முறைப்படி ஆங்கில இலக்கியம் 820 என்னும் எண்ணைப் பெறும். சிங்கள இலக்கியம் 891.48 என்பதையும், தமிழ் இலக்கியம் 894.811 என்பதையும் பெறும். மொழிக் குடும்பங்களை நோக்கி வகுத்த ஒழுங்கு இது. அறிஞர்க்கு இதனால் இடர்ப்பாடில்லை. ஆயின், பத்து வயதுப் பிள்ளை ஒன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு நூலகத்துட் புகும்போது, அதன் உள்ளத்தில் மொழிகள் இவ்வாறு தனித்தனி இறாக்கைகளிற் பிரிந்து கிடப்பதில்லை. வீட்டில் அம்மம்மாவோடு தமிழ், வகுப்பறையில் ஆங்கிலம், கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் சிங்களம். ஒரு நாட்பொழுதில் இம்மொழிகளுக்கிடையே பன்முறை சென்று மீளும் பிள்ளைக்கு, மொழிக்கொரு மூலையாக அமைந்த நூலகம் எவ்வளவிற் பயன்படும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மும்மொழியிலும் நூல்கள் உள என்று கணக்குக் காட்டும் நூலகம் ஒருமொழிப் பிள்ளைகள் மூவர்க்கு உதவக்கூடும். இருமொழிப் பிள்ளை ஒருவர்க்கு அது பெரும்பாலும் உதவுவதில்லை. இக்குறையை நீக்கப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. நூல்களைத் தெரிதலிலும் அடுக்குதலிலும் இரவல் கொடுத்தலிலும் சிறிது மாற்றஞ் செய்தல் போதும் என்பது எமது துணிபு.

பெரிய நூலகங்களை விடுத்துச் சிறியவற்றைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கொழும்புப் பொது நூலகம் 1925ஆம் ஆண்டு தோன்றியது. அதன் இன்றைய கட்டிடம் 1980இல் திறக்கப்பட்டது. விகாரமகாதேவிப் பூங்காவின் அயலிலுள்ள அந்நூலகத்துக்கு எட்டு வயதுப் பிள்ளை தனியே செல்லுதல் இயலாது. அழைத்துச் செல்லப் பெற்றோர்க்கோ ஓய்வில்லை. ஓய்வுள்ள நாளிலும் பிரத்தியேக வகுப்பு வந்து அதனை விழுங்கிவிடுகின்றது. ஆதலின், பிள்ளை நடந்து செல்லத்தக்க தொலைவில் உள்ளது எதுவோ அதுவே பிள்ளையின் நூலகம். அது மாநகர சபையின் கிளை நூலகமாக இருக்கலாம். சங்கமொன்றின் வாசிகசாலையாக இருக்கலாம். கோயில் மண்டபத்தில் நிற்கும் இரண்டு அலுமாரியாகவும் இருக்கலாம்.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கொழும்புத் தமிழரின் இரு பெரும் இருப்பிடங்கள் எனினும் அவற்றின் மொழிநிலை ஒன்றன்று. வெள்ளவத்தையில் 1942ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் உள்ளது. இராமகிருஷ்ண மிஷன் உள்ளது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்பின் அப்பகுதியினின்று பலர் கடல் கடந்தனர். 1990களில் போரினால் வடக்கினின்று பெயர்ந்தோர் பலர் அங்கு வந்து குடியேறினர். இங்குள்ள பிள்ளைகளுட் கணிசமானோர் சர்வதேசப் பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் கற்கின்றனர். தமிழ் அவர்க்குக் கிழமையிற் சில பாடவேளைகளுக்கு மட்டும் உரியது. அவர்கள் தமிழைக் கேட்டு விளங்குவர், பேசுவர், எழுத்துக் கூட்டிப் படிக்க இடர்ப்படுவர்.

கொட்டாஞ்சேனை வேறு வகையினது. பொன்னம்பலவாணேசுவரமும், 1902இல் தோன்றிய விவேகானந்த சபையும், புனித லூசியாள் பேராலயமும் அணித்தணித்தே விளங்கும் அவ்வட்டாரத்தில் தமிழ் இந்துக்கள், கத்தோலிக்கர், கொழும்புச் செட்டிமார், முஸ்லிம்கள், சிங்களவர் என்போர் ஒரே ஒழுங்கையில் வாழ்கின்றனர். இங்குள்ள தமிழ்ப் பிள்ளை பெரும்பாலும் தமிழ் மொழிமூலம் கற்பது. சிங்களத்தைத் தெருவிலே விளையாடிக் கற்றுக்கொள்வது. அதன் சிங்களப் பேச்சில் தடையில்லை. ஆனால் பஸ்ஸின் பெயர்ப்பலகைக்கு அப்பாற் சிங்கள எழுத்தைப் படித்ததில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. பாடசாலைகளில் இரண்டாந் தேசிய மொழி ஒரு பாடமாகவும் உள்ளது. ஆயினும், பாடப்புத்தகத்தை விடுத்து விருப்பத்தோடு எடுத்துப் படிக்கத்தக்க எளிய சிங்கள நூல் ஒரு தமிழ்ப் பிள்ளையின் கைக்கு எங்கிருந்து வரும்?

ஆகவே, வெள்ளவத்தைப் பிள்ளைக்கு நூலகம் காக்கவேண்டியது தமிழ் எழுத்தை. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு அது திறக்கவேண்டியது சிங்கள எழுத்தை. இருவரையும் ‘இருமொழிப் பிள்ளைகள்’ என்று ஒரே தலைப்பில் அடக்கி ஒரேவகை நூல்களை வாங்குவது பொருந்தாது.

இரு மொழி ஒருங்கு கற்றலாற் பிள்ளையின் அறிவு குழம்பும் என்னும் அச்சம் பெற்றோரிடத்து இன்றும் உண்டு. ஆங்கிலம் கெட்டுவிடும் என்று வீட்டிலே தமிழ்ப் பேச்சை விலக்கும் தாய்மாரை யாம் அறிவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அறிஞருட் பலரும் அவ்வாறே கருதினர். கனடாவின் மொன்றியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பேட் என்னும் இருவர் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 1962இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைக் காட்டியது. பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கு அறிந்த பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளினும் பல சோதனைகளில் மேம்பட்டு நின்றனர். பிள்ளைகளைத் தெரிந்த முறை பற்றிப் பின்னர் மறுப்புரைகள் எழுந்தன என்பது மெய்யே. எனினும் பழைய அச்சம் அதன்பின் ஆய்வுலகில் முன்போல் தலைதூக்கவில்லை. 1979இல் ஜிம் கமின்ஸ் என்பவர் மற்றொரு கருத்தை முன்வைத்தார். ஒரு மொழியிற் பெற்ற வாசிப்புத் திறன் மற்ற மொழிக்கும் ஊற்றாகும் என்பதும், பேச்சுமொழியில் விரைவில் வல்லமை வந்துவிடினும் கல்விக்குரிய எழுத்துமொழி அமையப் பல்லாண்டுகள் செல்லும் என்பதும் அதன் சாரம். நூலகர்க்கு இவ்விரண்டாவது செய்தி பெரிதும் வேண்டப்படுவது. தடையின்றிப் பேசும் பிள்ளை தடையின்றிப் படிக்கும் என்று எண்ணி நூல் கொடுத்தால் அது இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடும்.

இங்கேதான் முடிச்சு உள்ளது. ஆங்கிலத்தில் பத்து வயதுக்குரிய துப்பறியும் கதையைப் படிக்கும் பிள்ளை, தமிழில் ஆறு வயதுப் பிள்ளையின் வேகத்திலேயே படிக்க வல்லது. அதன் தமிழறிவுக்கு ஏற்ற நூலை எடுத்துக் கொடுப்பின் அதில் பூனையும் பந்தும் இருக்கும். பிள்ளை நாணமுற்று அதனை மூடிவிடும். அதன் வயதுக்கு ஏற்ற நூலைக் கொடுப்பின் நடை கடினமாக இருக்கும், அதனையும் மூடிவிடும். இருமுறை மூடிய பிள்ளை மூன்றாம் முறை தமிழ் இறாக்கைப் பக்கம் செல்வதில்லை. பொருள் பத்து வயதுக்கும் நடை ஆறு வயதுக்கும் உரியதாக அமைந்த நூலே வேண்டற்பாலது. விலங்குகள், விண்வெளி, கிரிக்கெற், பாம்புகள், கப்பல்கள் ஆகியவை பற்றிய, படம் மிகுந்த, சொற்றொடர் குறுகிய அறிவு நூல்கள் இதற்கு ஏற்றவை. கதைநூல்களையே சிறுவர் நூல் என்று கருதி வாங்கும் வழக்கம் இவ்விடத்தில் நமக்குப் பகையாகின்றது.

படிமுறை நூல்கள் நம்மவர்க்குப் புதியன அல்ல. ஆறுமுக நாவலர் (1822–1879) தாமே இருமொழிக் கல்வி பெற்றவர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். சைவப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டப் புகுந்த அவர் பெரும் புராணங்களின் பதிப்போடு அமையவில்லை. எளிமையினின்று அருமைக்கு ஏறும் ஒழுங்கிற் பாலபாடங்களையும் இயற்றி அச்சிட்டார். பிள்ளையின் நிலைக்கு இறங்கிவருதல் புலமைக்கு இழுக்கு என்று அவர் எண்ணவில்லை. இன்று நமக்கு வேண்டுவதும் அத்தகைய படிகளே. ஏறத் தொடங்குபவர் வயதில் மூத்தவர் என்பதே வேற்றுமை.

தமிழ் நூல்களைத் தெரிவோர் கருதவேண்டிய செய்தி மேலும் இரண்டு உண்டு. முதலாவது எழுத்துச் சீர்திருத்தம். தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டிற் பிறப்பித்த ஆணையால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலாய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அப்புதிய வடிவங்களே நம் பாடநூல்களிலும் வழங்குகின்றன. அதற்கு முற்பட்ட நூல்களிற் பழைய வடிவங்கள் உள்ளன. முதியோர்க்கு அவை இன்பந் தருவன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கோ ‘யானை’ என்னுஞ் சொல்லின் ஈற்றெழுத்தே ஒரு யானையாக வழிமறிக்கும். கடல் கடந்து செல்லும் குடும்பங்கள் வீட்டைக் காலிசெய்யும்போது நூல்களை வாசிகசாலைக்கு வழங்கும் நல்வழக்கம் வெள்ளவத்தையில் உண்டு. அந்நன்கொடையிற் பழைய தமிழ் நூல்களும், காலங்கழிந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களுமே பெரும்பாலும் இருக்கும். வேண்டாம் என்று சொல்ல நூலகர்க்கு மனம் வராது. பழந்தமிழ் நூல்களை ஆய்வாளர்க்கெனப் பேணுக. அவற்றின் மின்படிகளை 2005 முதல் இணையவழித் தொகுத்துவரும் நூலகம் நிறுவனம் போன்றோர்க்கும் அறிவிக்கலாம். ஆனால் சிறுவர் இறாக்கையில் அவை நிற்றல் ஆகாது. அங்கு நிற்கும் படிக்கவியலாத நூல் ஒவ்வொன்றும், தமிழ் கடினமானது என்று பிள்ளைக்கு ஓயாது சொல்லிக்கொண்டே நிற்கும்.

இரண்டாவது, வட்டார வழக்கு. சிறுவர் தமிழ் நூல்களிற் பெரும்பாலானவை சென்னையிலிருந்து வருவன. அங்கு ‘பேனா’ என்பது இங்குப் ‘பேனை’. அங்கு ‘ரயில்’ என்பது நம் பாட்டிமார் வாயிற் ‘கோச்சி’, பாடநூலிற் ‘புகையிரதம்’. தமிழ்ச் சூழலிலேயே வளரும் பிள்ளை இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாது கடந்துவிடும். சிறிதளவே தமிழறிந்த பிள்ளையோ, தான் வீட்டிற் கேட்ட சொல் நூலில் இல்லாமையால் தான் அறிந்ததே பிழை என்று கருதும். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் விலகி நிற்கும் தமிழில் இவ்விடர் இரட்டிக்கின்றது. ‘வாறன்’ என்று சொல்லும் பிள்ளை ‘வருகிறேன்’ என்பதை ஏறத்தாழ மற்றொரு மொழியாகவே காண்கின்றது. இதன் பொருட்டு இந்திய நூல்களை விலக்குக என்பது எமது கருத்தன்று. அவற்றோடு நம் நாட்டு நூல்களும் சரிநிகராக இருத்தல் வேண்டும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ‘ஆடிப்பிறப்பு’, ‘கத்தரி வெருளி’ முதலிய பாடல்கள் நம் மண்ணின் பொருள்களையே பாடுவன. சத்தமாகப் படிக்க உகந்தவை. வாய்விட்டுப் பாடிப் பழகிய சொல்லைப் பின்னர் அச்சிற் காணும் பிள்ளை அதனை எளிதில் அடையாளங் கண்டுகொள்ளும்.

இனி, ஒரே நூலை இரு மொழியில் வைத்திருத்தலின் பயனை நோக்குவாம். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் வெளியிட்ட ‘மடொல் தூவ’ என்னும் நாவல் சிங்களச் சிறுவர் இரண்டு தலைமுறையாக விரும்பிப் படிப்பது. அது ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. சிபில் வெத்தசிங்க (1927–2020) எழுதி வரைந்த ‘குட ஹொர’ என்னும் குடைத் திருடன் கதையும் பிற மொழிகளிற் சென்று புகழ்பெற்றது. ஒரு கதையை வல்ல மொழியிற் படித்து முடித்த பிள்ளை, மற்ற மொழியில் அதனை எடுக்கும்போது கதை முன்னரே தெரியும். ஆதலாற் சொல்லை ஊகித்து ஊகித்துச் செல்லும். அகராதியைப் புரட்டுவதிலும் இது சிறந்த பயிற்சி. 1996இற் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் அமைந்த படநூல்களை வெளியிடுகின்றது. மடியிலிருத்திப் படித்துக் காட்டும் வயதினர்க்கு இவை மிக நல்லன. தாமே படிக்கும் வயதினர்க்கு யாம் தனித்தனி நூல்களையே பரிந்துரைப்போம். இரு மொழியும் ஒரே பக்கத்தில் இருப்பின் பிள்ளை எளியதைப் படித்து அரியதைத் தாண்டிச் செல்லும். நாமும் அவ்வாறே செய்வோம் அன்றோ?

பொருள் முட்டுப்பாடுடைய நூலகத்துக்கு இரண்டு வாயில்கள் உண்டு. றூம் ரு றீட் என்னும் தொண்டு நிறுவனம் 2005 முதல் இலங்கையிற் பணியாற்றித் தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் படநூல்களை வெளியிட்டுள்ளது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்திற் பல மொழிக் கதைகள் வாசிப்பு நிலை நான்காக வகுக்கப்பட்டுள்ளன, திறந்த உரிமத்தில் வெளியாவதால் எவரும் விலையின்றி எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் பத்துப்பேர் கூடின், ஒரு விடுமுறையில் இருபது கதைகளின் தமிழை நம் நாட்டு வழக்குக்கு ஏற்பத் திருத்தி, அச்சிட்டுத் தைத்து, அயலிலுள்ள வாசிகசாலைக்கு அளித்துவிட முடியும்.

நூல் வாங்கிய அளவில் வேலை முடிவதில்லை. மடொல் தூவ மூன்று மொழியில் இருப்பினும் மூன்று இறாக்கைகளிற் சிதறிக் கிடப்பின், அவை ஒரே நூல் என்பதைப் பிள்ளை அறிய வழியில்லை. தமிழ்நாட்டு நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவரவர்க்குரிய நூலைச் சேர்ப்பித்தல் நூலகத்தின் கடன் என்பது. மூன்றாவது, நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகரைத் தேடித் தருதல் கடன் என்பது. 1959இல் திறக்கப்பெற்று 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அமைப்புக்கும் அவரது ஆலோசனை பெறப்பட்டது என்பதை நம்மவர் நினைவுகூர்வர். பெரியோர்க்குரிய பகுதியில் டூயியின் எண்கள் ஆட்சி செய்யட்டும். சிறுவர் பகுதியில் அவற்றைச் சற்றே ஒதுக்கி, ஒரு கதையின் மொழிவடிவங்கள் அனைத்தையும் அருகருகே நிறுத்துக. இடமின்மையால் அஃது இயலாவிடின், நூலின் உள்ளட்டையில் ‘இக்கதை சிங்களத்திலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு’ என்று ஒரு சீட்டு ஒட்டுக, மொழிக்கொரு வண்ணப் பட்டியை முதுகில் ஒட்டுக. ஆங்கில நூல்கள் குடும்பப் பெயரால் அடுக்கப்படுதலும், தமிழ் ஆசிரியர் தம் இயற்பெயரால் அடுக்கப்படுதலும் பிள்ளைக்கு விளங்காத மற்றொரு மயக்கம். சிறுவர் பகுதியிற் கதைத் தலைப்பால் அடுக்குவது மேல்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் சிங்கள வாசிப்புக்கு வருவோம். சிங்கள எழுத்து வட்ட வட்டமாக வேறொன்றாகத் தோன்றினும், தமிழ் எழுத்தைப் போலவே பிராமியிற் பிறந்தது. அதன் உட்கட்டமைப்பு நமக்குப் பழகியதே. ‘கெ’ என்பதில் மெய்க்கு முன்னே நாம் இடும் குறியைக் கொம்பு என்கிறோம். சிங்களத்திலும் அவ்வுயிர்க்குறி மெய்க்கு முன்னேதான் நிற்கின்றது. அதன் பெயரும் ‘கொம்புவ’. ஐகாரத்துக்கு அங்கு இரண்டு கொம்பு. நாமும் இணைக்கொம்பு இடுகின்றோம். ‘கொ’ என்பதிற் கொம்பும் காலும் மெய்யை இருபுறமும் அணைவது இரு மொழிக்கும் ஒன்றே. ‘அம்மா’, ‘அக்கா’ என்னும் சொற்கள் இரு மொழியிலும் வழங்குவன. நம் ‘கடை’ அங்குக் ‘கடே’ ஆகின்றது. தமிழில் இல்லாத வருக்க எழுத்துகளையும், அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் உயிரையும் புதிதாகக் கற்கவேண்டும் என்பது உண்மையே. எனினும், ஒற்றுமைகளை முதலிற் காட்டி, வேற்றுமைகளைப் பின்னர்க் காட்டும் ஓர் எழுத்தட்டையைத் தடித்த தாளில் எழுதிச் சிறுவர் மேசைமேல் ஒட்டிவைப்பின், பேச்சு முன்னரே தெரிந்த பிள்ளைக்கு எழுத்து நெடுந்தொலைவில் இல்லை. அவ்வட்டையைச் சிங்களப் பிள்ளையும் மறுபுறமிருந்து படிக்கலாம் என்பது ஊதியத்தின்மேல் ஊதியம்.

பழைய மாணவர்க்கு ஒரு சொல். சிங்கப்பூரில் லீ கொங் சியன் என்னும் வணிகர் பொது நூலகம் அமைக்க 1953ஆம் ஆண்டு 375,000 வெள்ளி அளிக்க முன்வந்தபோது ஒரு நிபந்தனை விதித்தார். கட்டணமின்றி யாவர்க்கும் திறந்ததாகவும், ஆங்கிலத்தோடு அமையாது ஆசிய மக்களின் மொழிகளையும் வளர்ப்பதாகவும் அந்நூலகம் இருத்தல் வேண்டும் என்பதே அது. 1960இல் திறக்கப்பெற்ற அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் பன்மொழித் தன்மைக்கு அந்நிபந்தனையும் ஒரு காரணம். நம்மவரும் கொடைக்குச் சளைத்தவரல்லர். ஆனால் அலுமாரி, மின்விசிறி, பெயர் பொறித்த கல் என்ற அளவில் நம் கொடை பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. ‘இப்பணத்தில் எட்டு முதற் பன்னிரண்டு வயதினர்க்குரிய எளிய தமிழ் அறிவு நூல்கள் வாங்கப்படுதல் வேண்டும்’ என்றோ, ‘ஒவ்வொரு கதையும் இரு மொழியில் வாங்கப்படுதல் வேண்டும்’ என்றோ ஒரு வரி எழுதிக் கொடுப்பது கொடையாளியின் உரிமை. நூலகர்க்கும் அது துணையாகும்.

இரவல் விதி ஒன்று எஞ்சியுள்ளது. ஓர் அங்கத்துவ அட்டைக்கு இரண்டு நூல் என்று விதித்துள்ள இடத்தில், பிள்ளை தனக்கு எளிய மொழியிலேயே இரண்டையும் எடுக்கும், அஃது இயல்பு. அரிய மொழியில் ஒன்று எடுக்கச் சொல்லி வற்புறுத்தினால் எடுத்த இன்பமும் கெடும். இரண்டும் பிள்ளையின் விருப்பப்படியே செல்லட்டும். மற்ற மொழியில் மூன்றாவது நூல் ஒன்றைக் கணக்கிற் சேர்க்காது, தாமதத்துக்குத் தண்டமும் விதியாது, மேலதிகமாகக் கொடுக்கலாம். அதனைப் படித்தாயா என்று திரும்பிவரும் நாளில் வினவுதல் வேண்டா. வீட்டில் அம்மம்மா அதனை எடுத்துப் பேரப்பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டியிருப்பின், நூலகரின் பதிவேட்டில் அதுவும் ஒரு வாசிப்பே.